ஜனவரியில் டெல்லி, ஆறு மாத வேலை: எத்தனை நாள் முன்னால் போகலாம்?

கேள்வி: பி.காம். முடித்து, திண்டுக்கல்லில் ஓர் ஆடிட்டர் அலுவலகத்தில் மூன்று வருடம் வேலை பார்த்தேன். இப்போது டெல்லி நேரு பிளேஸில் ஒரு நிறுவனத்தின் கணக்குப் பிரிவில் வேலை கிடைத்திருக்கிறது. பிரசவ விடுப்பில் போகிறவருக்குப் பதிலாக, ஆறு மாதத்துக்கு மட்டும். ஜனவரி 12, திங்கள்கிழமை சேர வேண்டும். சென்னையைத் தாண்டி வடக்கே போனதில்லை. 1-ம் தேதியே போய்ப் பத்து நாள் ஊரைச் சுற்றிப் பார்த்துவிட்டுச் சேரலாம் என்று ஆசை. ஆக்ரா, மணாலியும் பட்டியலில் இருக்கின்றன. அப்பாவோ, "ஆறு மாச வேலைக்குப் பத்து நாள் தண்டச் செலவா? 11-ம் தேதி போய் இறங்கினால் போதும்" என்கிறார். சின்ன வயதில் எனக்கு வீசிங் இருந்தது. அம்மாவுக்கு டெல்லிக் காற்றை நினைத்துப் பயம். கல்லூரித் தோழி ஒருத்தி லக்ஷ்மி நகரில் பி.ஜி.யில் (மாத வாடகைக்குத் தங்கும் விடுதி) இருக்கிறாள், அங்கேயே வந்துவிடச் சொல்கிறாள். ஹிந்தி கேட்டால் சுமாராகப் புரியும், பேச வராது. என்ன செய்யலாம்? முன்னாலேயே வந்துவிட்டதை அலுவலகத்துக்குச் சொல்லலாமா?
– 25 வயது வாசகி, திண்டுக்கல்

பதில்: உங்கள் கணக்கும் வேண்டாம், அப்பாவின் கணக்கும் வேண்டாம். ஜனவரி 4, ஞாயிறு இரவுக்குள் டெல்லியில் இருப்பது போல டிக்கெட் போடுங்கள். சேருவதற்கு முன் முழுசாக ஒரு வாரம் கையில் இருக்கும்.

அப்பாவுக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். 11-ம் தேதி இறங்கி 12-ம் தேதி சேருவது ஏப்ரல் மாதத்தில் நடக்கும். டிசம்பர் கடைசியிலிருந்து ஜனவரி பாதி வரை வடக்கே சமவெளி முழுக்க மூடுபனி. ஜான்சி வரை ஒழுங்காக வருகிற ரயில் அதற்கு மேல் ஊர்ந்து ஊர்ந்து வரும். மதியம் வர வேண்டியது நள்ளிரவில் டெல்லி நிஜாமுதீன் ஸ்டேஷனில் கொண்டுபோய் இறக்கிவிடுவது அங்கே செய்தியே இல்லை. இந்த மாதங்களில் சில ரயில்களை ரத்து செய்வதும் உண்டு, முன்பதிவுக்கு முன் பார்த்துக்கொள்ளுங்கள். விமானத்தில் போவதாக இருந்தால் மதியத்துக்கு மேல் இறங்குவதாகப் பாருங்கள். பனியில் மாட்டுவது பெரும்பாலும் அதிகாலை விமானங்கள்தான்.

இன்னொன்றையும் அப்பாவிடம் சொல்லுங்கள். நிரந்தர வேலையில் முதல் மாதம் தடுமாறினால் யாரும் பெரிதாகக் கண்டுகொள்ள மாட்டார்கள். உங்களுக்கு முதல் மாதம் என்பது மொத்த வேலையில் ஆறில் ஒரு பங்கு. அதுவும் கணக்குப் பிரிவு. 12-ம் தேதி சேருகிறீர்கள். 20-ம் தேதி ஜி.எஸ்.டி. 3பி என்ற மாதக் கணக்குத் தாக்கல், 31-ம் தேதி மூன்றாம் காலாண்டு டி.டி.எஸ். (பிடித்த வருமான வரி) அறிக்கை. நிமிர்ந்து பார்த்தால் மார்ச் வந்துவிடும். அந்த மூன்று வாரத்தில் பி.ஜி. தேடி அலையவும், சளிக்கு மருந்து வாங்கவும், மெட்ரோவில் எந்த கேட் வழியாக வெளியே வருவது என்று திண்டாடவும் நேரம் இருக்காது. தற்காலிக வேலைக்கு ஆட்களை அனுப்பிவைக்கும் தொழிலில் இருப்பவன் நான். தெற்கிலிருந்து குளிர்காலத்தில் டெல்லிக்குப் போய்ப் பாதியில் திரும்பி வந்தவர்களிடம் பேசினால், அலுவலகத்தைப் பற்றிக் குறை சொல்பவர்கள் குறைவு. அறை, குளிர், போக்குவரத்து, சாப்பாடு, இவற்றில் ஒன்றுதான் அவர்களைத் துரத்தியிருக்கும். அந்த வாரத்தில் இந்த நாலையும் ஒழுங்கு செய்துகொண்டு, மிச்ச நேரத்தில் ஊரைப் பாருங்கள்.

இப்போது உங்களுக்கு. ஊரைச் சுற்றிப் பார்க்க உங்களுக்குப் பத்து நாள் இல்லை, ஆறு மாதம் இருக்கிறது. டெல்லியின் நல்ல காலம் பிப்ரவரி நடுவில் தொடங்கி மார்ச் கடைசி வரை. ரோஜாவும் டேலியாவும் ரவுண்டானாவிலெல்லாம் பூத்துக் கிடக்கும், இலவ மரங்கள் இலையே இல்லாமல் சிவப்பாக நிற்கும், ராஷ்டிரபதி பவனின் அம்ரித் உத்யான் தோட்டமும் அப்போது திறந்திருக்கும். பார்க்க வேண்டியதையெல்லாம் ஜனவரி முதல் வாரப் புகையிலேயே பார்த்துத் தீர்த்துவிட்டு, வசந்தத்தில் அறையில் படுத்துக் கிடப்பதில் என்ன லாபம்?

அந்தக் குளிரைப் பற்றிக் கொஞ்சம். ஜனவரியில் இரவு 7 டிகிரி, பகலில் 20 டிகிரிக்குப் பக்கத்தில் இருப்பதுதான் வழக்கம். எண்ணைப் பார்த்தால், "நம்ம கொடைக்கானல்தானே" என்று தோன்றும். கொடைக்கானலில் மூன்று நாள் இருந்துவிட்டு வத்தலகுண்டு இறங்கினால் வேர்த்துவிடும். இங்கே இறங்குவதற்கு இடம் கிடையாது. பனி விலகாத நாட்களில் சூரியனே வராது, மத்தியானமும் 13, 14 டிகிரியில் நிற்கும். டெல்லி வீடுகள் வெயில் காலத்தைச் சமாளிக்கக் கட்டியவை. மொசைக் அல்லது மார்பிள் தரை, இடுக்குள்ள ஜன்னல், சூடேற்றும் வசதி எதுவும் இல்லை. வெளியே வெயிலில் நிற்பவருக்கு ஸ்வெட்டர் கழற்றத் தோன்றும், அதே நேரத்தில் உள்ளே உட்கார்ந்திருப்பவருக்குக் கால் விரல் விறைக்கும். வீட்டுக்குள் போட ஒரு தடித்த செருப்பு வாங்குங்கள். முதல் நாளே வாங்குங்கள்.

துணிமணி விஷயத்தில் ஒரே யோசனைதான்: ஊரில் வாங்காதீர்கள். இங்கே ஸ்வெட்டர் என்று விற்பது அங்கே நவம்பருக்குக் காணும். இறங்கும்போது போட்டுக்கொள்ள ஒரு ஜாக்கெட், ஒரு செட் தெர்மல், காதை மூடும் குல்லா, காலுறை போதும். மற்றதை லாஜ்பத் நகர் சென்ட்ரல் மார்க்கெட்டில் வாங்கலாம், திங்கள் மட்டும் விடுமுறை. ஒரே தடிமனான கோட்டை நம்பாமல் மெல்லிசாக இரண்டு மூன்று அடுக்கு போடுங்கள், மெட்ரோவுக்குள் ஏறினால் கழற்ற வேண்டியிருக்கும். போர்வைக்கு ரஜாய் என்று கேளுங்கள், பஞ்சு அடைத்தது. தேங்காய் எண்ணெய் கொண்டுபோனால் வாயகன்ற டப்பாவில் கொண்டுபோங்கள். 24 டிகிரிக்குக் கீழே அது உறைந்துவிடும், குறுகிய வாய் பாட்டிலைத் தலைகீழாகக் கவிழ்த்தாலும் ஒரு சொட்டு விழாது. மத்தியானம் மொட்டை மாடியில் வெயிலில் வைத்து உருக்கி எடுக்கிற தமிழ்க் குடும்பங்களை டெல்லியில் பார்க்கலாம். உதடும் குதிகாலும் வெடிக்கும், வாசலின் வேண்டும்.

அடுத்து அறை. இதில்தான் நீங்கள் அதிக நேரம் செலவழிக்க வேண்டும். முதல் மூன்று நாலு இரவு தோழியோடு தங்குங்கள். பல பி.ஜி.களில் நாள் கணக்கில் பணம் வாங்கிக்கொண்டு விருந்தாளியை அனுமதிப்பார்கள், முன்கூட்டியே கேட்டுவைக்கச் சொல்லுங்கள். ஆனால் அங்கேயே ஆறு மாதம் இருப்பதற்கு உடனே தலையாட்டிவிடாதீர்கள். லக்ஷ்மி நகர் இருப்பது மெட்ரோவின் ப்ளூ லைனில். அங்கிருந்து நேரு பிளேஸ் போக மண்டி ஹவுஸில் இறங்கி வயலட் லைன் மாற வேண்டும். தூரம் பெரிதில்லை, காலை ஒன்பது மணிக் கூட்டத்தில் அந்த மாற்றம்தான் வேலை. திங்களும் செவ்வாயும் அலுவலகம் போகிறவள் மாதிரியே கிளம்பிப் பாருங்கள். அலாரம் வைத்து எழுந்து, வெந்நீர் கிடைக்கிறதா என்று பார்த்து, குளித்து, சாப்பிட்டு, எட்டே கால் மணிக்கு வாசல் தாண்டுங்கள். மெட்ரோ நுழைவில் பையை எக்ஸ்ரே கருவியில் போட்டு, உடல் சோதனை வரிசையில் நிற்க வேண்டும். பெண்களுக்குத் தனி வரிசை, பெரும்பாலும் சின்னது. ரயில் போகும் திசையில் முதல் பெட்டி பெண்களுக்கு மட்டும், பிளாட்பாரத்தில் அடையாளம் போட்டிருக்கும். நேரு பிளேஸில் இறங்கி, கட்டட வாசல் வரை நடந்து, அங்கே மணி பாருங்கள். நேரு பிளேஸ் ஒரே கட்டடம் இல்லை, பல அடுக்குமாடிகள் சேர்ந்த பெரிய வளாகம். தரைத்தளத்தில் லேப்டாப்பும் பிரிண்டர் மையும் விற்கும் கடைகள். பத்தரைக்கு மேல் கூட்டம் நெரியும். எந்த மாடி, எந்த லிஃப்ட் என்று முன்னமே தெரிந்திருந்தால் முதல் நாள் பதற்றம் பாதி குறைந்துவிடும். உள்ளே போக வேண்டாம், வாசலோடு திரும்பிவிடுங்கள்.

ஒரு சின்ன எச்சரிக்கை: ஜனவரி முதல் பாதியில் டெல்லிப் பள்ளிகளுக்குக் குளிர்கால விடுமுறை. சாலையில் நீங்கள் பார்ப்பது முழு நெரிசல் இல்லை. ஒத்திகையில் ஆன நேரத்தோடு ஒரு பத்து நிமிடம் கூட்டிக்கொள்ளுங்கள்.

அப்புறம், அதே இரண்டு நாள் மாலையில் கால்காஜி, கோவிந்த்புரி பக்கம் போய் பி.ஜி. பாருங்கள். அங்கிருந்து அலுவலகத்துக்கு மெட்ரோவில் ஒன்று அல்லது இரண்டு ஸ்டேஷன், ஈ-ரிக்‌ஷாவிலும் போகலாம். லக்ஷ்மி நகரை விட வாடகை கொஞ்சம் கூட இருந்தாலும் என் ஓட்டு இதற்குத்தான். ஜனவரியில் ஐந்தே முக்காலுக்கெல்லாம் சூரியன் போய்விடும், நீங்கள் கிளம்பும்போது நல்ல இருட்டு, பனி வேறு. தெரியாத ஊரில் அந்த நேரத்தில் வழி எவ்வளவு குறைகிறதோ அவ்வளவு நல்லது.

குளிர்காலத்தில் பி.ஜி. பார்ப்பதில் ஒரு லாபம் உண்டு: அறையின் குறையெல்லாம் தானே வெளியே வரும். வெந்நீர் எந்த நேரத்தில் வருகிறது, ஒரு கெய்சருக்கு எத்தனை பேர் என்று சொந்தக்காரரிடம் கேட்காதீர்கள், அங்கே இருக்கிற பெண்ணிடம் கேளுங்கள். மின்சாரம் வாடகையில் சேர்த்தியா, தனி மீட்டரா? ஹீட்டர் போட அனுமதி உண்டா? ரஜாய் அவர்கள் தருகிறார்களா? அறைக்கு வெயில் வருமா என்பது முக்கியம். தெற்குப் பார்த்த ஜன்னல் இருந்தால் ஜனவரியில் அதிர்ஷ்டம், ஜூனில் வேறு கதை. தரைக்குக் கீழே இருக்கும் பேஸ்மென்ட் அறை எவ்வளவு மலிவாக இருந்தாலும் வேண்டாம், சுவரைத் தொட்டுப் பாருங்கள், ஈரம் கையில் ஒட்டும். ஆறு மாதத்துக்குத்தான் இருப்பேன் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். பதினொரு மாத ஒப்பந்தத்தில் கையெழுத்து வாங்கிக்கொண்டு, ஜூலையில் அட்வான்ஸைத் திருப்பித் தர மறுப்பது பழைய தந்திரம். ஒரு மாத அட்வான்ஸ், ஒரு மாத நோட்டீஸ் என்பது நியாயம். வாடகைக்கு வருபவரின் விவரத்தைப் போலீஸில் பதிவு செய்ய வேண்டும் என்பது டெல்லியில் விதி. ஆதார் நகலும் புகைப்படமும் கேட்டால் பயப்பட வேண்டாம், கேட்காத இடத்தில்தான் யோசிக்க வேண்டும். வீடியோவில் அறையைக் காட்டி, "டோக்கன் பணம் மட்டும் இப்போதே அனுப்புங்கள்" என்றால் ஒரு ரூபாய்கூட அனுப்பாதீர்கள்.

அறைக்குள் கரி அடுப்பு மட்டும் வேண்டாம். அங்கீட்டி என்று சொல்வார்கள், கூடவே இருக்கிற யாராவது "இதுதான் நல்லா சூடு தரும்" என்று கொண்டுவருவார்கள். கதவை மூடிய அறையில் அதிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடுக்கு வாசனையே கிடையாது. ஒவ்வொரு குளிர்காலத்திலும் டெல்லியில் இப்படித் தூக்கத்திலேயே இறந்தவர்களைப் பற்றிய செய்தி வருகிறது.

அம்மாவின் பயம் நியாயமானது. நான் டாக்டர் இல்லை. கிளம்பும் முன் ஊரிலேயே ஒரு நுரையீரல் மருத்துவரைப் பார்த்து, எங்கே போகிறீர்கள் என்பதைச் சொல்லி, அவர் இன்ஹேலர் எழுதிக் கொடுத்தால் மருந்துச் சீட்டோடு கொண்டுபோங்கள். காற்றின் கணக்கு இது: மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் சமீர் என்ற செயலி இருக்கிறது. அதில் காற்றின் தரத்தைக் காட்டும் ஏ.க்யூ.ஐ. எண் 300-ஐத் தாண்டினால் 'மிக மோசம்', 400-ஐத் தாண்டினால் 'கடுமை'. ஜனவரியில் இந்த இரண்டு எண்களும் சகஜம். குளிர்ந்த காற்று தரையோடு படிந்து, சட்டிக்கு மூடி போட்ட மாதிரி புகையை உள்ளேயே வைத்திருக்கும். வெயில் ஏறினால்தான் மூடி திறக்கும். அதனால் பகல் பன்னிரண்டிலிருந்து நாலு மணி வரை காற்று கொஞ்சம் தேவலை. விடியற்காலையும் பின்னிரவும் மோசம். "டெல்லியில் காலை நடை அருமை" என்று யாராவது சொன்னால் மார்ச்சுக்குத் தள்ளிவையுங்கள். மாஸ்க் போடுவதென்றால் முகத்தில் இறுக்கமாக உட்காரும் என்-95. துணி மாஸ்க் மூக்குக்குக் கதகதப்பாக இருக்கும், அவ்வளவுதான்.

சரி, ஊர் சுற்றல். புதனிலிருந்து சனி வரை நாலு நாள் உங்களுடையது. பட்டியல் போட்டு நாற்பது இடம் பார்க்க வேண்டாம். வயலட் லைனை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். நீங்கள் ஆறு மாதம் ஏறி இறங்கப்போகிற லைன் அது, டெல்லியின் பாதி அதன் ஓரத்திலேயே இருக்கிறது. மெட்ரோ ஸ்மார்ட் கார்டு ஒன்று வாங்கிவிடுங்கள், கட்டணத்தில் 10 சதவீதம் தள்ளுபடி. பகல் பன்னிரண்டுக்கும் ஐந்துக்கும் இடையே பயணம் செய்தால் இன்னும் 10 சதவீதம், அது உங்களுக்குச் சாதகமான நேரமும்கூட. காலை பத்தரை, பதினொன்றுக்குக் கிளம்பி, ஐந்து மணிக்குள் திரும்பிவிடுங்கள்.

கால்காஜி மந்திர் ஸ்டேஷனில் இறங்கினால் தாமரைக் கோயில். பஹாய் மதத்தினர் கட்டியது, 1986-ல் முடிந்தது, 27 பளிங்கு இதழ்கள். உள்ளே சிலை இல்லை, பேச்சு இல்லை, அரை மணி நேரம் சும்மா உட்காரலாம். திங்கள் விடுமுறை. கான் மார்க்கெட் ஸ்டேஷனிலிருந்து நடக்கிற தூரத்தில் லோதி கார்டன், கட்டணம் கிடையாது. சையது, லோதி வம்சத்துக் கல்லறைகள் புல்வெளிக்கு நடுவே நிற்கும். மத்தியான வெயிலில் குடும்பம் குடும்பமாகப் பாய் விரித்து, வேர்க்கடலை உரித்து, கின்னு ஆரஞ்சு தின்றுகொண்டிருப்பார்கள். நீங்களும் கால் கிலோ கடலை வாங்கிக்கொண்டு உட்காருங்கள். டெல்லிக்காரர்கள் குளிரை எப்படிச் சமாளிக்கிறார்கள் என்பதற்கு அதை விடப் பாடம் கிடையாது: வெயில் எங்கே விழுகிறதோ அங்கே போய் உட்காருவார்கள், நகர்ந்தால் கூடவே நகர்வார்கள்.

ஜவஹர்லால் நேரு ஸ்டேடியம் ஸ்டேஷனிலிருந்து ஆட்டோ பிடித்தால் ஹுமாயூன் கல்லறை, அதற்கு எதிரே சுந்தர் நர்சரி. 90 ஏக்கர், 2018-ல்தான் பொதுமக்களுக்குத் திறந்தார்கள். இரண்டுக்கும் சேர்த்து ஒரு முழு மத்தியானம் ஒதுக்குங்கள். பனி விலகவே இல்லை என்றால் அந்த நாளைத் தேசிய அருங்காட்சியகத்துக்குக் கொடுத்துவிடுங்கள், அதுவும் திங்கள் மூடல். மொகஞ்சதாரோவின் நடனப் பெண் அங்கேதான் இருக்கிறாள். உள்ளங்கை அளவுக்குக் கொஞ்சம் பெரிசு, புத்தகத்தில் பார்த்துவிட்டுப் போகிறவர்கள் எல்லோரும் "இவ்வளவுதானா?" என்பார்கள். சோழர் காலச் செப்புத் திருமேனிகளும் உண்டு. வெளியே வந்தால் பசிக்கும். அசோகா ரோட்டில் ஆந்திர பவன் கேன்டீன் இருக்கிறது, யார் வேண்டுமானாலும் சாப்பிடலாம். பருப்புப் பொடி, நெய், கொங்கூரா, சாதம் கேட்கக் கேட்கப் போடுவார்கள். ரொட்டி தின்று சலித்துப்போன ஒரு நாளில் அந்த வாசலின் அருமை தெரியும்.

ஒரு நாள் பழைய டெல்லி. லால் கிலா ஸ்டேஷனில் இறங்கினால் எதிரே செங்கோட்டை, இந்தப் பக்கம் சாந்தினி சௌக். கூட்டத்தில் பையை முன்னால் போட்டுக்கொள்ளுங்கள். தரிபா, கினாரி பஜார் சந்துகளில், தட்டு நிறைய வெள்ளை நுரையைக் குவித்துவைத்துக்கொண்டு ஒருவர் நிற்பார். தௌலத் கி சாட் என்று பெயர். பெயரில்தான் சாட், காரம் துளியும் கிடையாது. பாலைக் கடைந்து எடுத்த நுரை, மேலே குங்குமப்பூ மஞ்சள், கொஞ்சம் கோவா, சர்க்கரைப் பொடி. ஸ்பூனில் எடுத்தால் கனமே இல்லை, வாயில் போட்டதும் கரைந்து இனிப்பு மட்டும் மிஞ்சும். வெயில் தாங்காது, அதனால் குளிர்காலத்தில் மட்டும்தான் விற்பார்கள். நான் தள்ளிப்போடச் சொல்லாத ஒரே விஷயம் இதுதான். பிப்ரவரி தாண்டினால் அடுத்த வருடம்தான்.

அரிசிச் சோறு இல்லாமல் இருக்க முடியாது என்றால் கால்காஜிக்கு அடுத்தாற்போல சித்தரஞ்சன் பார்க். பிரிவினையில் கிழக்கு வங்கத்திலிருந்து வந்தவர்களுக்காக உருவான குடியிருப்பு, சி.ஆர். பார்க் என்றால்தான் ஆட்டோக்காரருக்குத் தெரியும். மார்க்கெட்டில் மீன் குழம்பும் சோறும் கிடைக்கும். குளிர்காலத்தில் ஈச்ச மரத்துச் சாற்றைக் காய்ச்சிய வெல்லத்தில் சந்தேஷ் என்ற இனிப்பு செய்வார்கள். கருப்பட்டி தின்று வளர்ந்தவர்களுக்கு அது அந்நியமாக இருக்காது. தமிழ் கேட்க வேண்டும் போலிருந்தால் கால்காஜி மந்திரிலிருந்து மெஜந்தா லைனில் முனிர்க்கா அல்லது வசந்த் விஹார் போய், ஆட்டோவில் ஆர்.கே. புரம் மலை மந்திர். சுவாமிநாத சுவாமி சன்னிதி, சின்னக் குன்றின் மேல். ஐந்தாவது செக்டாரில் டெல்லித் தமிழ்ச் சங்கம். நீங்கள் சேரும் வாரத்திலேயே பொங்கல் வருகிறது, பல டெல்லி அலுவலகங்களில் அதற்கு விடுமுறை கிடையாது. அதற்கு முன்னால், 13-ம் தேதி, லோஹ்ரி பண்டிகை. கால்காஜி தெருமுனைகளில் விறகு அடுக்கித் தீ மூட்டி, கடலையும் ரேவடி என்ற எள்ளு மிட்டாயும் போட்டுக் கொண்டாடுவார்கள். பஞ்சாபிக் குடும்பங்கள் நிறைய இருக்கும் பகுதி. கூப்பிட்டால் போங்கள்.

ஆக்ராவைப் பிப்ரவரிக்குத் தள்ளுங்கள். ஜனவரி முதல் வாரத்தில் தாஜ்மகாலுக்கு எதிரே நின்றும் அதைப் பார்க்க முடியாமல் திரும்புகிறவர்கள் உண்டு, போகிற வழியில் யமுனா எக்ஸ்பிரஸ்வேயின் மூடுபனி விபத்துகள் வேறு. போகும்போது வெள்ளிக்கிழமையைத் தவிருங்கள், தாஜ் மூடியிருக்கும். மணாலி கூடவே கூடாது. ஓர் இரவு முழுக்க பஸ், பனி விழுந்தால் மலைப்பாதை அடைப்பு, திரும்பி வரும்போது சளி. வேலையில் சேருவதற்கு முந்தைய வாரத்தில் செய்கிற காரியமா அது?

பணம். 12-ம் தேதி சேருகிறவருக்கு ஜனவரி சம்பளம் மாதக் கடைசியில் வரும் என்று நம்பாதீர்கள். பல நிறுவனங்களில் சம்பளப் பட்டியல் 20-ம் தேதி வாக்கிலேயே மூடிவிடும்; புதிதாகச் சேர்ந்தவரின் பேங்க் விவரம், பி.எஃப். எண் எல்லாம் ஏறுவதற்குள் பிப்ரவரிச் சம்பளத்தோடு சேர்த்துத்தான் வரும். அதாவது மார்ச் முதல் வாரம் வரை ஓட்டுவதற்குக் கையில் காசு வேண்டும். அப்பா சேமிக்க நினைத்த பணத்தை இதற்கு ஒதுக்கி வைக்கச் சொல்லுங்கள். வேலைக் கடிதத்தையும் இன்னொரு முறை படியுங்கள். உங்கள் முதலாளி அந்த நிறுவனமா, நடுவில் ஓர் ஏஜென்சியா? முடியும் தேதி எழுதியிருக்கிறதா? பிரசவ விடுப்பு சட்டப்படி 26 வாரம், ஆனால் அவர் முன்னாலேயே திரும்பினால் உங்கள் நிலை என்ன? கடிதத்தில் பதில் இல்லை என்றால் கிளம்பும் முன் மின்னஞ்சலில் கேட்டு, எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

ஹிந்தி பேச வராததற்குக் கவலைப்படாதீர்கள், "பையா", "தீதி" என்று ஆரம்பித்தால் மற்றதைக் கை பேசும். கணக்குப் பிரிவில் உங்களுக்குத் தேவை எண்கள். அவர்கள் ஒன்றரை லட்சத்தை "டேட் லாக்" என்பார்கள், இரண்டாயிரத்து ஐந்நூறை "டாயி ஹசார்" என்பார்கள், "சாடே சார்" என்றால் நாலரை. 59, 69, 79 மூன்றும் ஒரே மாதிரி காதில் விழும். ரயிலில் போகும்போதே நூறு வரை உருப்போட்டுவிடுங்கள். சந்தேகம் வந்தால் கூச்சப்படாமல் எழுதிக் காட்டச் சொல்லுங்கள். ஒரு வவுச்சரில் தப்பான எண் ஏறுவதை விட அது மேல்.

இருட்டின பிறகு வெளியே இருக்க நேர்ந்தால் செயலி வழியாக வண்டி பிடித்து, பயண விவரத்தைத் தோழிக்கு அனுப்பிவிடுங்கள். அவசரத்துக்கு 112, பெண்கள் உதவிக்கு 181.

கடைசியாக, அலுவலகத்துக்குச் சொல்வது பற்றி. வந்த அன்றே ஹெச்.ஆர்.க்கு போன் போட்டு "வந்துட்டேன் மேடம்" என்று சொல்லாதீர்கள். "அப்படியா, நாளைக்கே சேர்ந்துடுங்களேன்" என்பார்கள், உங்கள் வாரம் போய்விடும். வியாழக்கிழமை வாக்கில் ஒரு வரி அனுப்பினால் போதும்: டெல்லியில் இருக்கிறேன், திங்கள் காலை எத்தனை மணிக்கு, யாரைப் பார்க்க வேண்டும், எந்த அசல் சான்றிதழ்கள் வேண்டும். ஆனால் அதே மின்னஞ்சலில், விடுப்பில் போகிறவர் 12-ம் தேதி அலுவலகத்தில் இருப்பாரா என்றும் கேளுங்கள். பிரசவத் தேதி யார் கையிலும் இல்லை, அவர் முன்கூட்டியே கிளம்பிவிடக் கூடும். "வெள்ளிக்கிழமைதான் அவருக்குக் கடைசி நாள்" என்று பதில் வந்தால், சுந்தர் நர்சரியை விட்டுவிட்டு வெள்ளிக்கிழமை காலையிலேயே போய் உட்காருங்கள். அந்த ஒரு நாளுக்குச் சம்பளம் உண்டா என்று கேட்டுக்கொள்ளுங்கள், இல்லை என்றாலும் போங்கள். எந்த சப்ளையர் பில் தாமதமாக அனுப்புவார், எந்த லெட்ஜரில் பழைய பாக்கி தொங்குகிறது, யாருடைய கையெழுத்துக்கு மூன்று நாள் ஆகும் என்பதெல்லாம் அவர் ஒருவருக்குத்தான் தெரியும். நோட்டும் பேனாவும் எடுத்துப் போங்கள், பாஸ்வேர்டு விவரங்களை மட்டும் ஐ.டி. பிரிவு வழியாக வாங்கிக்கொள்ளுங்கள்.